ஏழைக் குடியிருப்பில் ஓர் ஆண்டு ஊழியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்து மூன்று வயதில் ஒரு பெருநகரத்தின் ஓரத்திலே, பதினான்கு மாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு குடியிருப்பில், சின்னக் கிறிஸ்தவச் சபை ஒன்றோடு ஓர் ஆண்டு தன்னார்வலராக இருந்தேன். ஊர் திரும்பியதிலிருந்து, போக நினைக்கிற இளைஞர்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்னைத் தேடி வருகிறார்கள். ஆள்தான் மாறுகிறதே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். மேலிருந்து படித்துக்கொண்டு வந்தால் நல்லது. பின்னால் வருகிற சில பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும்.

இது மிஷனரி வேலையா, சமூக சேவையா? ஒண்ணும் புரியலையே.

இரண்டும் கலந்ததுதான். வேலையின்மையும் கடனும் இடநெருக்கடியும் மிகுந்த ஒரு நகர்ப்பகுதிக்குப் போய், பத்து முதல் பன்னிரண்டு மாதம் அங்கேயே குடியிருந்து, ஏற்கெனவே அங்கு இயங்குகிற சபையோ கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமோ கொடுக்கிற வேலையைச் செய்வது. காலையில் போய் மாலையில் திரும்புகிற சேவை எத்தனையோ உண்டு. இது அப்படியல்ல, இங்கே குடியிருப்பதுதான் முக்கியம். லிஃப்ட் பழுதானால் நீங்களும் படியேறித்தான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டுச் சண்டை இரவு இரண்டு மணிக்கு உங்கள் காதிலும் விழும்.

வார்த்தை (அதாவது இயேசு) மாம்சமாகி, மனிதராகி, நம்மிடையே குடியிருந்தார் என்று யோவான் முதல் அதிகாரம் சொல்வதைத்தான் இதற்கு அடிப்படையாகக் காட்டுவார்கள். அதே இயேசு ஊழியத்தைத் தொடங்குவதற்குமுன் ஏறக்குறைய முப்பது ஆண்டு ஒரு சின்ன ஊரில் சும்மா குடியிருந்தார் என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன்.

இதெல்லாம் இப்போ வந்த ஃபேஷன்தானே?

நூற்று நாற்பது ஆண்டு பழைய ஃபேஷன். சாமுவேல் பார்னெட் என்ற ஆங்கிலிக்கன் குருவும் அவர் மனைவி ஹென்ரியேட்டாவும் 1884-இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் டாயின்பி ஹாலைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த பிள்ளைகள் அங்கே வந்து தங்கி, அக்கம்பக்கத்தாரோடு பழகி, வகுப்பு நடத்தினார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போன ஜேன் ஆடம்ஸ் 1889-இல் சிகாகோவில் அதேபோன்ற ஹல் ஹவுஸைத் தொடங்கினார். ஜப்பானில் தொயோஹிக்கோ ககாவா என்ற இறையியல் மாணவர் 1909 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், தன் 21-ஆம் வயதில், கோபே நகரின் ஷின்காவா குடிசைப் பகுதிக்குள் குடிபுகுந்தார். அவரைப் பற்றிப் பிறகும் பேச வேண்டியிருக்கிறது.

‘ஓர் ஆண்டு’ என்ற கணக்கு பின்னால் வந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் லுத்தரன் சபையினர் 1954-இல், சபைக்காக ஓர் ஆண்டு கொடுக்க வாருங்கள் என்று இளம் பெண்களை அழைத்தார்கள். பத்தே ஆண்டில் அந்த நாடு தன்னார்வ சமூக ஆண்டுக்கென்று தனிச் சட்டமே போட்டுவிட்டது. அமெரிக்காவில் இயேசு சபையாரின் (ஜெசூட் எனப்படும் கத்தோலிக்கத் துறவிகளின்) தன்னார்வலர் படை 1956-இல் அலாஸ்காவில் தொடங்கி, பிறகு நகரங்களுக்குப் பரவியது. ஆன்மிகம், எளிய வாழ்வு, கூட்டு வாழ்வு, சமூக நீதி என்று அவர்கள் வைத்த நான்கும் இன்று வேறு பல அமைப்புகளிலும் வெவ்வேறு பெயரில் இருக்கின்றன.

நாள் முழுக்க என்னதான் செய்யணும்?

இடத்துக்கு இடம் மாறும். பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம், உணவுப் பொருள் வழங்கும் மேசை, தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது, அரசு அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ துணைக்குப் போவது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, இளைஞர்களோடு பந்து விளையாடுவது, ஞாயிற்றுக்கிழமை சபையில் ஏதாவது ஒரு பொறுப்பு. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை, ஒரு நாள் முழு ஓய்வு, ஒரு நாள் படிப்புக்கோ பயிற்சிக்கோ என்று பிரிப்பார்கள். ஓய்வு நாள் காகிதத்தில் மட்டும் இருந்தால் ஜாக்கிரதை.

என்னுடைய முதல் மூன்று மாதத்தைச் சொல்கிறேன். சபை மண்டபத்தின் சாவி என்னிடம் இருந்தது. காலை ஏழரைக்குத் திறந்து நாற்பது நாற்காலி போடுவேன், மாலையில் அடுக்கிவிட்டுப் பூட்டுவேன். நாற்பதில் இரண்டுக்குக் கால் ஆடும். யாரும் சொல்லாமல் அந்த இரண்டையும் கை தானாக ஒதுக்கிவைக்க ஆரம்பித்த நாளில்தான், சரி, இங்கே வந்து சேர்ந்துவிட்டோம் என்று தோன்றியது.

சம்பளம் உண்டா? நாமதான் பணம் கட்டணும்னு சொல்றாங்களே?

சம்பளம் கிடையாது. பெரும்பாலும் அறையும் சாப்பாடும் உள்ளூர்ப் பயணச் செலவும் கொஞ்சம் கைச்செலவுப் பணமும் தருவார்கள். சில அமைப்புகள் ஒரு பகுதித் தொகையை உங்கள் சபை, உறவினர், நண்பர்களிடம் திரட்டி வரச் சொல்லும். அது தப்பில்லை. ஆனால் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்ற கணக்கைக் கேளுங்கள்; கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில். மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு நீங்கள் சம்பாதித்துத்தான் அடுப்பு எரிய வேண்டும் என்றாலோ, கல்விக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தாலோ, இந்த ஆண்டு போகாதீர்கள். மனதில் வீட்டுக் கவலையோடு இன்னொருவர் கவலையைக் கேட்க முடியாது. இரண்டு ஆண்டு கழித்துப் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

வெளிநாட்டுக்குப் போனா டூரிஸ்ட் விசா போதுமா?

போதாது. தன்னார்வ வேலையும் பல நாடுகளின் சட்டப்படி வேலைதான். ஐக்கிய ராஜ்ஜியத்தில் இதற்கென்றே தொண்டுப் பணியாளர் விசா இருக்கிறது. அதிகபட்சம் 12 மாதம், உங்களைக் கூப்பிடும் அமைப்புக்கு அதற்கான உரிமம் இருக்க வேண்டும். “முதலில் வாருங்கள், வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் அமைப்பை அங்கேயே விட்டுவிடுங்கள்.

எங்கே தங்கணும்? தனி ரூம் கிடைக்குமா?

பெரும்பாலும் நான்கைந்து தன்னார்வலர்கள் சேர்ந்து வாழும் ஒரு வீடு. சில இடங்களில் சபைக் குடும்பத்தோடு தங்குவதும் உண்டு. தனி அறை கிடைக்கலாம், தனிமை கிடைக்காது.

இந்த ஆண்டில் உங்களை அதிகம் சோதிக்கப் போவது வெளியே இருக்கும் வறுமை என்று நினைப்பீர்கள். இல்லை, சமையலறைத் தொட்டியில் கழுவாமல் கிடக்கும் பாத்திரம். எங்கள் வீட்டில் ஒரு வாணலியை முன்னிட்டு இரண்டு பேர் ஒன்பது நாள் பேசிக்கொள்ளவில்லை. அதே இரண்டு பேர் மாலையில் பிள்ளைகளுக்கு மன்னிப்பைப் பற்றி வேதபாடம் எடுத்தார்கள். வாரம் ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து, யாருக்கு யாரிடம் என்ன வருத்தம் என்று வாய்விட்டுப் பேசும் வழக்கம் உள்ள வீடுகள் தாக்குப்பிடிக்கின்றன. “நாம எல்லாம் விசுவாசிகள், நமக்குள்ளே எதுக்கு அதெல்லாம்” என்று தள்ளிப்போடும் வீடுகள் ஐந்தாம் மாதத்தில் உடைகின்றன.

வயசு வரம்பு உண்டா? கல்யாணம் ஆனவங்க போகலாமா?

பல திட்டங்கள் 18 முதல் 30 வயதுக்குள் எதிர்பார்க்கின்றன. ஓய்வுபெற்றவர்களை எடுக்கும் திட்டங்களும் தம்பதிகளை எடுக்கும் திட்டங்களும் உண்டு. குழந்தை இருந்தால் இந்தக் கூட்டு வீட்டு ஏற்பாடு சரிப்படாது.

எனக்குப் பாட வராது, பிரசங்கம் பண்ண வராது. என்னை வெச்சு என்ன செய்வாங்க?

நாற்காலி போடச் சொல்வார்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சொன்ன நேரத்துக்கு வருவது, சொன்னதை மறக்காமல் செய்வது, கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது, இந்த மூன்றும் உள்ளவர் கிடைப்பதுதான் அரிது. மேடை ஏறத் தவிக்கிறவர்களைவிடக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதில் நன்றாக நிலைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை அவர்களால் காத்திருக்க முடிகிறது.

தேவன் என்னை அழைக்கிறார்னு எப்படி நிச்சயமா தெரிஞ்சுக்கிறது?

நிச்சயமாகத் தெரிந்துகொண்டுதான் போவேன் என்றால் நாற்பது வயதாகிவிடும். ஜெபியுங்கள், உங்களை நன்றாக அறிந்த இரண்டு பேரிடம் கேளுங்கள், முடிந்தால் அதே இடத்தில் ஒரு வாரம் போய்த் தங்கிப் பாருங்கள். காதல் முறிந்ததாலோ, தேர்வில் தோற்றதாலோ, வீட்டிலிருந்து தப்பிக்கவோ கிளம்புவதாக இருந்தால், அதை நேர்காணலில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்படி வந்தவர்களும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். மறைத்து வந்தவர்கள்தான் தடுமாறினார்கள்.

வீட்டுல வேண்டாம்ங்கறாங்க. அந்த ஏரியா பாதுகாப்பில்லையாம்.

பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தாதீர்கள். அமைப்பின் பொறுப்பாளரோடு அவர்களையே பேசவையுங்கள். இருட்டியபின் தனியாகப் போகும் வேலை உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, இதற்குமுன் ஏதாவது நடந்திருக்கிறதா, நடந்தபோது என்ன செய்தார்கள், எல்லாவற்றையும் அவர்களே கேட்கட்டும். “இதுவரை ஒண்ணுமே நடந்ததில்லை” என்ற பதிலைவிட, “ஒருமுறை நடந்தது, அப்புறம் இந்த விதியைக் கொண்டுவந்தோம்” என்ற பதிலை நான் அதிகம் நம்புவேன்.

இன்னொன்று. நீங்கள் பயந்து பார்க்கும் அதே தெருவில்தான் மற்றவர்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். எங்கே எந்நேரம் நிற்கக் கூடாது என்பது அவர்களுக்கு அத்துபடி. முதல் வாரமே என் எதிர்வீட்டுப் பெண்மணி என்னைக் கூப்பிட்டு, பின்பக்கப் படிக்கட்டில் இரவு ஒன்பதுக்கு மேல் போகாதே, முன்பக்கம்தான் எப்போதும் ஆள் இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். அமைப்பு தந்த கையேட்டில் அது இல்லை.

சபை ஊழியத்துக்குப் போறதுக்கு எதுக்கு போலீஸ் சான்றிதழ் எல்லாம்?

பிள்ளைகளோடும் நலிந்தவர்களோடும் பழகப் போகிறீர்கள், அதற்காக. உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு முன்னும் பின்னும் வருகிறவர்களையும் இப்படித்தான் சரிபார்க்கிறார்கள் என்று நிம்மதிப்படுங்கள். பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்காதீர்கள், பிள்ளைகளின் சொந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பாதீர்கள். ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது கொடுமையைச் சொன்னால் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

“பெரிய தேவமனிதர் நடத்தும் இடம், அங்கே இதெல்லாம் எதற்கு” என்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து வாழும் லார்ஷ் இல்லங்களை 1964-இல் பிரான்சில் தொடங்கியவர் ஜான் வனியே. உலகமே பரிசுத்தவான் என்று கொண்டாடிய மனிதர். அவர் 2019-இல் இறந்தார். மறு ஆண்டே, ஆன்மிக வழிகாட்டி என்ற இடத்தைப் பயன்படுத்திப் பெண்களைப் பாலியல் ரீதியாக அவர் துன்புறுத்தியது உண்மை என்று, லார்ஷ் தானே ஏற்பாடு செய்த விசாரணை வெளியிட்டது. தன் நிறுவனரைப் பற்றியே விசாரித்து வெளியிட்ட அந்த அமைப்பின் நேர்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இயேசுவைப் பத்திப் பேசலாமா கூடாதா? பேசாமலிருந்தா அது ஊழியமா?

கேட்டால் தாராளமாகப் பேசலாம், கேட்பார்கள். சம்பளமில்லாமல் இங்கே வந்து ஏன் இருக்கிறாய் என்பதுதான் எல்லோருக்கும் எழும் முதல் கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் போதும்.

கூடாதது எது என்றால், ஜெபத்துக்கு வந்தால்தான் அரிசிப் பை என்கிற ஏற்பாடு. வெளிப்படையாக யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆனால் வரிசையில் நிற்பவர் தலைமேல் கைவைத்து “ஜெபிக்கட்டுமா?” என்று கேட்டால், கையில் பை வாங்காத நிலையில் அவர் எப்படி வேண்டாம் என்பார்? பையைக் கொடுத்து முடித்து, அவர் போகலாம் நிற்கலாம் என்ற நிலை வந்தபிறகு கேளுங்கள். பேரிடர் உதவிக்காக 1994-இல் வகுக்கப்பட்ட நன்னடத்தை நெறிகள், உதவியை மதக் கருத்தைப் பரப்பும் கருவியாக்கக் கூடாது என்கின்றன. அதை உருவாக்கியதில் செஞ்சிலுவை இயக்கத்தோடு கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ், லுத்தரன் உலக சம்மேளனம், உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் இருந்தன. கிறிஸ்தவர்களை அடக்க வெளியிலிருந்து யாரோ போட்ட விதி அல்ல அது.

யாராவது கைமாத்து கேட்டா கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இரண்டாவது வாரமே நான் கொடுத்தேன். மூன்றாம் மாடிக்காரர், மகளுக்குக் காய்ச்சல் என்றார். கைச்செலவுப் பணத்தில் பாதியைக் கொடுத்தேன். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. திருப்பித் தர முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்குப்பிறகு இரண்டு மாதம் என்னைப் படியில் பார்த்தால் திரும்பி வேறு பக்கம் போய்விடுவார். தினமும் வாய் நிறைய வணக்கம் சொன்ன ஓர் அண்டைவீட்டுக்காரரை நானே இழந்தேன்.

“எங்கள் வீட்டு விதிப்படி பணம் கொடுக்க முடியாது, வாருங்கள், பொறுப்பாளரிடம் பேசுவோம்” என்று சொல்லப் பழகுங்கள். விதி இருப்பதே உங்களுக்கும் அவருக்கும் சங்கடம் வராமலிருக்கத்தான். மருந்தோ சாப்பாடோ உண்மையிலேயே தேவையென்றால் அதற்குச் சபையில் தனி ஏற்பாடு இருக்கும். இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

ஃபோட்டோ எடுத்துப் போடலாமா? ஆதரவாளர்களுக்கு அனுப்பணுமே.

உங்கள் தாய் மருத்துவமனை வரிசையில் நிற்பதை முன்பின் தெரியாதவர் படமெடுத்து “ஜெபியுங்கள்” என்று போட்டால் எப்படி இருக்கும்? அதேதான். பிள்ளைகள் முகம் கூடவே கூடாது, பெற்றோர் எழுதிக் கொடுத்தாலொழிய. ஆதரவாளர்களுக்கு நீங்கள் கற்றுக்கொண்டதை எழுதி அனுப்புங்கள்.

மூணு மாசமாச்சு. நான் இங்கே ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு தோணுது.

எல்லோருக்கும் மூன்றாம் மாதத்தில் தோன்றும்; எனக்குத் தோன்றியது பதினோராவது வாரம். முதல் மாதத்தின் உற்சாகம் வடிந்திருக்கும், ஊரார் முழுதாக நம்பத் தொடங்கியிருக்க மாட்டார்கள். பழைய ஏற்பாட்டில் எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டவைத்த நெகேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். எருசலேமுக்கு வந்த மனிதர் மூன்று நாள் அங்கே இருந்தார். பிறகு இரவில் எழுந்து, இடிந்த அலங்கத்தை, அதாவது நகர மதிலை, சுற்றிப் பார்த்தார். என்ன செய்யப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கட்ட ஆரம்பித்தபோதும் பலர் தம் தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். அவர் பெயரிலுள்ள புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பெயர்ப் பட்டியல்தான் நீளமே தவிர நெகேமியாவின் சாதனை அல்ல.

உணவு மேசைக் கதை ஒன்று. எங்கள் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை வரிசை ஒன்றரை மணி நேரம் நீளும். எனக்கு வயிறு எரிந்தது. எண் எழுதிய அட்டை கொடுத்து, நேரம் குறித்து, அரை மணியில் முடிக்கும்படி மாற்றினேன். பெருமையாக இருந்தது. மூன்றாம் வாரம், பதினோரு ஆண்டாக அந்த மேசையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: “தம்பி, பொருள் வாங்க மட்டும் அவங்க வரலை. வாரத்துல ஒரு நாள் அந்த வரிசையிலதான் ஒருத்தர் இன்னொருத்தரைப் பாக்குறாங்க. நீ அதைக் கலைச்சுட்டே.” மறுவாரம் அட்டையை எடுத்துவிட்டு, சுவரோரம் நாற்காலி போட்டேன். ஆண்டு முழுவதிலும் நான் உருப்படியாகச் செய்த மாற்றம் அந்த நாற்காலிதான் என்று நினைக்கிறேன்.

அப்போ வசதியானவங்க போய் ஏழைகளைக் ‘காப்பாத்துறது’ங்கறதே திமிர்தானே?

திமிராக முடியலாம். இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குரு 1968-இல் மெக்சிகோவுக்குச் சேவைக்குக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் கூட்டத்திலேயே எழுந்து, நீங்கள் உதவி செய்ய வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது சாரம். கிளம்புமுன் எல்லோரும் அந்தக் குற்றச்சாட்டைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. எனக்கு அதில் முக்கால்வாசி உடன்பாடு.

மீதிக் கால்வாசி என்னவென்றால், போகவே கூடாது என்றால் வசதியானவர்கள் வசதியானவர்களோடு மட்டுமே வாழ்ந்து முடிப்பார்கள். அது அதைவிடப் பெரிய திமிர். அதனால் போங்கள், ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கீழே வேலை செய்யுங்கள். அந்த இடத்தில் என்ன இல்லை என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் போடலாம். அமெரிக்கச் சமூக ஆய்வாளர் ஜான் மெக்நைட்டும் அவரோடு உழைத்தவர்களும் 1990-களில் வலியுறுத்தியதுபோல, யாருக்குத் தையல் தெரியும், யார் குழந்தை பார்த்துக்கொள்வார், யார் சொன்னால் இளைஞர்கள் கேட்பார்கள் என்று இருப்பதை எழுதத் தொடங்குங்கள். மேலே சொன்ன உணவு மேசைப் பெண்மணி அந்தப் பட்டியலில் முதல் பெயர்.

நாம இலவசமா செய்றதால அங்கே உள்ளவங்க வேலை போகாதா?

நல்ல கேள்வி. அமைப்புகளை இதையே நேரடியாகக் கேளுங்கள்: நான் வராவிட்டால் இந்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் எடுப்பீர்களா? ஆம் என்றால், நீங்கள் மலிவான கூலி ஆகிறீர்கள். வேலையின்மை மிகுந்த இடத்துக்குப் போய் ஒரு வேலையைக் குறைப்பதில் என்ன ஊழியம் இருக்கிறது? அந்த வேலையை உள்ளூர் இளைஞர் ஒருவர் கற்றுக்கொள்ளத் துணையாக இருப்பது என்றால் சரி.

ஒரு வருஷம் பழகிட்டு விட்டுட்டு வர்றது அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுமை இல்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு இன்னும் பதில் சொல்லத் தடுமாறுகிறது. போன முதல் வாரம், ஏழு வயதுப் பையன் ஒருவன் பெயர் கேட்குமுன் என்னிடம் கேட்டது: “நீ எப்போ போவே?” எனக்கு முன் வந்துபோன தன்னார்வலர்கள் பெயரை விரல்விட்டு எண்ணினான். அவனுக்கு இது ஒரு பழகிப்போன பருவம் மாதிரி ஆகியிருந்தது.

ஆகவே முதல் நாளிலேயே போகும் தேதியைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் முக்கிய மனிதராக ஆகாதபடி, எப்போதும் அங்கேயே இருக்கும் ஒருவரோடு சேர்ந்தே எதையும் செய்யுங்கள். உங்களோடு முடிந்துபோகும் புதுத் திட்டம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். கடைசி மாதத்தில் ஒளிந்துகொள்ளாமல் வீடு வீடாகப் போய் விடைபெறுங்கள். “அடிக்கடி வருவேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஓர் ஆண்டு போதாது என்பது உண்மைதான். மான்செஸ்டரின் வித்தன்ஷா பகுதியில் 1997-இல் தொடங்கிய ஈடன் என்ற கிறிஸ்தவக் குழுவைப் போன்ற முயற்சிகள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே குடியேறுவதை வலியுறுத்துவது இதனால்தான். ககாவாவும் ஷின்காவாவில் பல ஆண்டு இருந்தார். அங்கே ஒருவரோடு படுக்கையைப் பகிர்ந்ததில் கண்நோய் தொற்றி, பார்வையே பாதிக்கப்பட்டது. தனித்தனியாக உதவி செய்து வறுமை தீராது என்று கண்டு, தொழிற்சங்கத்துக்கும், 1921-இல் கோபேயில் தொடங்கிய நுகர்வோர் கூட்டுறவுக்கும் துணைநின்றார். அந்தக் கூட்டுறவு இன்றும் நடக்கிறது. ஓர் ஆண்டுத் தன்னார்வலரால் அது முடியாது. அப்படி இருந்து செய்கிறவர்களுக்குக் கை கொடுக்க முடியும்.

நடுவுல முடியலைன்னா வந்துடலாமா?

வரலாம். தூக்கம் போய், சாப்பிடப் பிடிக்காமல், காலையில் எழவே மனமில்லாமல் இரண்டு வாரத்துக்குமேல் போனால், ஜெபக்குறிப்பாக மட்டும் அதைச் சொல்லாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். பொறுப்பாளர் மோசமாக நடத்தினாலும் கிளம்பலாம். வெறும் சலிப்பு என்றால் மூன்றாம் மாதக் கேள்வியை மறுபடி படித்துவிட்டு ஒரு மாதம் பொறுங்கள்.

ஏழைகளோடு இருந்தா விசுவாசம் பெருகும்னு சொல்றாங்க. எனக்குக் குறைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

குறைவதுபோல இருக்கும். ஜெபித்த குழந்தை பிழைக்காது. ஜெபிக்காத வீட்டில் உங்களைவிட அதிகப் பொறுமை இருக்கும். ஊரில் பாடிய சில பாடல்களை அங்கே வாய்திறந்து பாட முடியாது. எனக்கு பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் வரும் புலம்பல் பகுதிகள் அந்த ஆண்டில்தான் புரிந்தன. அதற்குமுன் அவற்றைத் தாண்டிப் படித்துப் போயிருந்தேன். மாதம் ஒருமுறையாவது, அமைப்புக்கு வெளியே இருக்கும் ஒரு மூத்த விசுவாசியோடு மனம்விட்டுப் பேச ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

ஒரு வருஷம் வீணாப் போச்சுன்னு கம்பெனியில கேக்க மாட்டாங்களா?

கேட்பார்கள். செய்ததை வேலைமொழியில் சொல்லப் பழகினால் போதும்: இத்தனை பேர் வரும் நிகழ்ச்சியை நடத்தினேன், இந்தக் கணக்கைப் பார்த்தேன், இந்தச் சண்டையைத் தீர்த்தேன். பணி முடிந்த சான்றிதழைத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். டாயின்பி ஹாலில் 1903 முதல் 1905 வரை துணைப் பொறுப்பாளராக இருந்தவர் வில்லியம் பெவரிட்ஜ்; பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புக்கு அடித்தளமான 1942 அறிக்கை அவருடையது. அதற்காக நேர்காணலில் அவர் பெயரை இழுக்க வேண்டாம்.

இயேசு சபைத் தன்னார்வலர்கள் தங்களை “வாழ்நாள் முழுக்கக் கெட்டுப்போனவர்கள்” என்று கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஆபத்து உண்டு. பழைய மாதிரி ஒரு பொருளை விலை பார்க்காமல் வாங்க முடியாமல் போகலாம்.

எந்த அமைப்பு நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போன ஆண்டு அங்கே இருந்த இரண்டு பேரின் தொடர்பைக் கேளுங்கள். அதில் ஒருவர் நடுவில் விலகியவராக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர் அமைப்பின் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்களை வாரம் ஒருமுறை உட்காரவைத்துப் பேசப்போவது யார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். பணம், பிள்ளைகள் பாதுகாப்பு, விசா பற்றி மேலே சொன்னவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனையும் கேட்டபிறகு, “இவன் ரொம்பக் கேள்வி கேட்கிறான்” என்று உங்களை ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்கில்லை.

முடிஞ்ச பிறகு திரும்பிப் போய்ப் பார்க்கலாமா?

முதல் ஆறு மாதம் போகாமலிருப்பது நல்லது. உங்களுக்குப் பின் வந்தவர் காலூன்றட்டும். அப்புறம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விருந்தாளியாகப் போங்கள். “எங்க காலத்துல இப்படி இல்லையே” என்று ஆரம்பிக்காதீர்கள்.

ஆறு ஆண்டு கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனேன். விரல்விட்டு எண்ணிய பையன் வளர்ந்து, மேசைக்குப் பின்னால் நின்று பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான், வேலையை நிறுத்தவில்லை. அந்த ஆண்டுத் தன்னார்வலருக்கு நான் யாரென்று தெரியாது. உட்காரப் போன என்னை ஓடிவந்து தடுத்து, அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள் என்று வேறொன்றை இழுத்துப் போட்டார்.